கணவாயை மெனுவிலிருந்து எடுக்காதே

அன்பு மகளுக்கு,

பிரிஸ்பேனில் திறக்கப்போகிற உன் சாப்பாட்டுக் கடைக்கு என்று நீ அனுப்பிய மெனுவை அப்பா பெரிய எழுத்தில் அச்செடுத்துத் தந்தார். விலை எல்லாம் குறைவாகப் போட்டிருக்கிறாள் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று முடித்துவிடுவாய். தமிழில் எழுதினால் நீ ஆறுதலாகத்தான் வாசிப்பாய். அது எனக்கு வசதி.

பட்டர் சிக்கன், நான், மாம்பழ லஸ்ஸி. பிள்ளை, எங்கள் வீட்டில் எந்தத் தலைமுறையில் பட்டர் சிக்கன் வைத்தார்கள்? கொத்து ரொட்டி கடைசியில் ஒரு மூலையில் கிடக்கிறது. கணவாய்க் கறியும் மீன் சொதியும் வெள்ளிக்கிழமைக் கூழும் நீ முதலில் அனுப்பிய பட்டியலில் இருந்தன, இதில் காணவில்லை. காரணமும் எழுதியிருக்கிறாய். பிரிஸ்பேன் வெள்ளைக்காரர் முதலில் பழகட்டுமாம், எங்கள் சாப்பாட்டைப் பிறகு மெல்ல மெல்ல நுழைக்கலாமாம், இத்தாலிக்காரரும் இந்த நாட்டில் அப்படித்தான் செய்தார்களாம்.

இந்தக் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. இங்கே மெல்பேர்னில், பிரன்ஸ்விக் தையல் தொழிற்சாலையில் இத்தாலிய மனுசிகளோடு வருடக்கணக்காக மெஷினில் இருந்தவள் நான். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. யாரையும் பழக்கவில்லை. தங்களுக்காகச் சமைத்தார்கள், தாங்களே போய்ச் சாப்பிட்டார்கள். நாடு பிறகுதான் வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டது.

1951இல் இத்தாலி அரசும் அவுஸ்திரேலிய அரசும் ஓர் உடன்படிக்கை செய்தன. கப்பல் செலவுக்கு அரசு உதவும். வந்தவர் இரண்டு வருடம் அரசு காட்டுகிற இடத்தில் வேலை செய்ய வேண்டும். நிறையப் பேர் தனியாக வந்த இளைஞர்கள், கிராமத்துப் பொடியன்கள். புதிதாக வந்தவர்களை வைக்கிற பொனகில்லா முகாமில் கொண்டுபோய் இறக்கினார்கள். நீ பள்ளிக்கூடத்தோடு சுற்றுலா போய்ப் பார்த்த அந்தத் தகரக் கொட்டில்கள்தான். 1952இல் நாட்டில் வேலை குறைந்துபோக, மாதக்கணக்காக அங்கே காத்துக் கிடந்த இத்தாலிய இளைஞர்கள், ஒன்றில் வேலை தாருங்கள், இல்லாவிட்டால் ஊருக்கு அனுப்புங்கள் என்று கிளர்ந்தெழுந்தார்கள். இராணுவத்தைத் தயார்நிலையில் வைக்கிற அளவுக்குப் போனது. அங்கே மூன்று நேரமும் கிடைத்தது ஆட்டிறைச்சியைச் சுற்றிய இங்கிலிஷ்காரச் சமையல். பாஸ்டா என்றால் என்னவென்று அந்தக் குசினிக்கே தெரியாத காலம்.

ஒப்பந்தம் முடிந்தவர்களில் நிறையப் பேர் மெல்பேர்னில் கார்ல்டனுக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்கு முன் அது யூதர்கள் நிறைந்த பகுதி. அவர்கள் கொஞ்சம் வசதி வந்து வேறிடம் நகர, பழைய வரிசை வீடுகளில் அறைகள் மலிவாகக் கிடைத்தன. ஓர் அறையில் பல பேர். மனைவி ஊரில், அம்மா ஊரில். பின்னேரம் வேலை முடிந்து வந்தால் போய் உட்கார ஓர் இடம் இல்லை. மெல்பேர்ன் இருக்கிற விக்டோரியா மாநிலத்தில் அப்போது மதுக்கடைகளை மாலை ஆறு மணிக்கே பூட்டிவிடுவார்கள். 1916இல் வந்த அந்தச் சட்டம் 1966 வரை இருந்தது. ஆறு மணிக்குப் பிறகு ஊரே இருண்டுவிடும். அந்தப் பொடியன்கள் போய் உட்காரத்தான் கோப்பிக் கடைகள் வந்தன. கார்ல்டனின் லைகன் தெருவில் சில, நகரத்துக்குள் சில. நீயும் நானும் போகிற பெர்க் தெரு பெலக்ரினி கடை 1954இல் தொடங்கியது. ஒரு நீள மேசை, உயரக் கதிரை, ஒரு கோப்பி இயந்திரம், உள்ளே ஒரு குசினி. இன்றைக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

மெல்பேர்ன் பல்கலைக்கழகம் லைகன் தெருவிலிருந்து நடந்து போகிற தூரம். மாணவர்களிடம் காசு இல்லை, இரவில் திறந்திருக்கிற வேறு கடையும் இல்லை. எட்டிப் பார்த்தார்கள், பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்காக யாரும் உள்ளியைக் குறைக்கவில்லை.

நீ திருப்பிக் கேட்பாய் என்று தெரியும்: நகரத்தில் அதற்கு முன்பே பெரிய இத்தாலியச் சாப்பாட்டுக் கடைகள் இருந்தனவே? இருந்தன. புளோரன்டினோ 1928இல் தொடங்கியது. வழக்கறிஞர்களும் அரசியல்வாதிகளும் போய் மேசை விரிப்போடு சாப்பிட்டார்கள். ஆனால் அங்கே சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனவனின் குசினியில் ஒன்றும் மாறவில்லை. நாட்டின் நாக்கை மாற்றியது அந்த வெள்ளை விரிப்பு இல்லை.

கோப்பிக் கடையும் தனியாக மாற்றவில்லை. உன் திட்டத்தில் எனக்குப் பெரிய ஓட்டையாகத் தெரிவது இந்த இடத்தில்தான், இதைக் கவனமாக வாசி. இத்தாலிக்காரர் கடை திறக்கும்போது அந்தக் கடைக்குப் பின்னால் ஒரு தோட்டம் இருந்தது. மெல்பேர்னுக்கு வெளியே வெரிபி சவுத்தில் 1920களிலிருந்தே மரக்கறித் தோட்டம் செய்தவர்கள் அவர்கள். தெருவோரப் பழக்கடைகளில் நிறைய, சிசிலிக்கு வடக்கே உள்ள லிப்பாரி, சலீனா என்கிற சின்னத் தீவுகளிலிருந்து வந்தவர்களுடையவை. ஒரு தீவின் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, ஒருவர் கடையில் மற்றவர் வேலை பழகி, பிறகு தனிக்கடை போட்டார்கள். குயின் விக்டோரியா சந்தையிலும் அவர்களே நின்றார்கள். விதைத்தது, விற்றது, வாங்கியது, சமைத்தது எல்லாம் ஒரே ஊர்க்காரர். கத்தரிக்காயும் சுக்கினியும் புரோக்கொலியும் வெள்ளைக்காரருக்கு அந்தப் பழக்கடைகளில்தான் பழக்கமானவை. "இதை என்ன செய்வது?" என்று கேட்டால் கடைக்காரர் மனைவி சொல்லிக் கொடுப்பாள். ஒலிவ் எண்ணெயை மருந்துக்கடையில் சின்னப் போத்தலில், காதில் விடுவதற்கு வாங்கிய நாடு இது. நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

உன்னுடைய கறிவேப்பிலை எங்கிருந்து வரும்? முருங்கைக்காய்? பச்சை மிளகாய் கிலோ என்ன விலை என்று உன் கணக்கில் எங்கேயும் இல்லை. மெல்பேர்னில் எங்கள் கறிவேப்பிலை மரம் ஒவ்வொரு குளிரிலும் செத்துப் பிழைக்கிறது. உங்கள் பக்கம் முருங்கை வேலியிலேயே காய்க்கிறது. அங்கே வளவு வைத்திருக்கிற எங்கள் ஆட்கள் யார் யார், யாரிடம் ஒரு வாரத்துக்கு எவ்வளவு வாங்கலாம் என்று முதலில் போய்ப் பார். மொத்தக் கடையில் உறைந்த முருங்கைக்காய்ப் பைகளை நம்பித் தொடங்காதே.

எனக்குப் பக்கத்து மெஷினில் இருந்த, தென் இத்தாலியில் கலாப்ரியாக்கார மனுசியை உனக்கு நினைவிருக்கலாம். நீ சின்னவள், உன் கன்னத்தைக் கிள்ளுவா, நீ அழுவாய். நாங்கள் 1986இல் வந்து இறங்கியபோது எனக்கு இங்கிலிஷ் வாயில் வராது. அவவுக்கு வந்து முப்பது வருடமாகியும் வராது. அதனால்தான் ஒட்டிக்கொண்டோம். ஒரு பெப்ரவரி மாதம் தன் வீட்டுத் தக்காளி நாளுக்கு என்னைக் கூப்பிட்டா. பின்வளவில் விறகு அடுப்பு, அதன் மேல் எரிபொருள் வந்த பெரிய இரும்புப் பீப்பாய். பெட்டி பெட்டியாகப் பழுத்த நீள்தக்காளி. ஆண்கள் கழுவ, பெண்கள் வெட்ட, பிள்ளைகள் சுற்ற, ஓர் இயந்திரம் தோலையும் விதையையும் ஒரு பக்கம் தள்ளி மறுபக்கம் சாறை ஊற்றும். அதைப் பழைய பியர் போத்தல்களில் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு துளசி மாதிரியான இலை போட்டு, தகர மூடி அடித்து, பீப்பாயில் பழந்துணி சுற்றி அடுக்கிக் கொதிக்க வைத்தார்கள். போன வருடம் உப்புக் கூடிப்போனதற்கு யார் காரணம் என்று அவவும் அவவுடைய மச்சாளும் விடியற்காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் சண்டை. எனக்கு யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வீட்டு முற்றத்தில் மிளகாயும் மல்லியும் வறுத்து இடிக்கிற நாள்தான் அது. மூக்கை எரிக்காதது ஒன்றுதான் வித்தியாசம்.

அந்தப் போத்தல்களில் ஒன்றைக்கூட விற்கவில்லை, பிள்ளை. பிள்ளைகள் வீட்டுக்கு இத்தனை, தங்கைக்கு இத்தனை என்று சோக்குக்கட்டியால் எழுதிப் பிரித்தார்கள். இரண்டு குசினி இருந்தது அந்த வீட்டில். மேலே பளபளவென்று ஒன்று, அதில் யாரும் தண்ணீர்கூடக் கொதிக்க வைப்பதில்லை. கராஜில் இன்னொன்று, சமையல் எல்லாம் அங்கே. மீன் பொரிக்கப் பின்வளவில் அடுப்பு வைத்திருக்கிற உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் அதையே பேசிக்கொண்டிருந்தார்.

இப்போது கணவாய்க்கு வருகிறேன். நீ எடுத்துவிட்டாய், "மணக்கும், ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்" என்று. இந்த நாட்டுக்காரர் ஒரு காலத்தில் கணவாயைத் தூண்டிலில் குத்தத்தான் வைத்திருந்தார்கள். இரை! இத்தாலிக்காரரும் கிரேக்கரும் துறைமுகத்தில் அதை மலிவாக வாங்கிப் பொரித்துத் தின்னுவதைப் பார்த்து முகம் சுழித்தார்கள். இன்றைக்குக் கடற்கரைப் பக்கம் எந்தக் கடைக்குப் போனாலும் கலமாரி இல்லாத மெனு இருக்கிறதா? இரையை விருந்தாக்கிய வேலையை அவர்கள் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டார்கள். நீ அதில் மிளகாய்த்தூளும் தேங்காய்ப்பாலும் விட வேண்டியதுதான். அதற்கும் பயமா?

சரி, உன் மற்றக் கேள்வி. போன கிழமை தொலைபேசியில் கேட்டாய்: அவர்கள் வெள்ளையர், அம்மா, எங்களையும் அவர்களையும் எப்படி ஒன்றாக வைக்கலாம் என்று. இதில் பாதி நியாயம் இருக்கிறது, மறுக்கமாட்டேன். வெள்ளை அவுஸ்திரேலியாக் கொள்கை 1973 வரை கதவைப் பூட்டி வைத்திருந்தபோது அவர்களுக்கு அரசு கப்பல் செலவுக்கு உதவியது, எங்களுக்கு விண்ணப்பப் படிவமே இல்லை. ஆனால் அவர்களை முழு வெள்ளையராக யாரும் எண்ணவில்லை என்பது மறு பாதி. உன்னுடைய குயின்ஸ்லாந்திலேயே பார். 1891இல் கரும்புத் தோட்டங்களுக்கு என்று ஒரு கப்பலில் முந்நூறுக்கும் மேற்பட்ட இத்தாலியர் வந்தார்கள்; அப்படித் தொடங்கியதுதான் இன்ஹாம் பக்கத்து இத்தாலிய ஊர்கள். அவர்கள் கூலியாக வெட்டிக் காசு சேர்த்துக் காணி வாங்கத் தொடங்கியதும் எரிச்சல் தொடங்கியது. 1925இல் மாநில அரசு ஒரு விசாரணை ஆணைக்குழு வைத்தது. பெரி என்பவர் அறிக்கை எழுதினார். வட இத்தாலியர் பரவாயில்லை, சிசிலி போன்ற தென்பகுதியார் தாழ்ந்த வகை என்று தரம் பிரித்தார். 1934 ஜனவரியில் மேற்கே கல்கூர்லி என்கிற தங்கச் சுரங்க ஊரில் ஒரு கைகலப்பில் ஒருவர் இறந்ததைச் சாட்டாக வைத்து, இத்தாலியரும் ஸ்லாவியரும் இருந்த வீடுகளையும் கடைகளையும் கூட்டம் எரித்தது. வீடெரிப்பு என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் உலக யுத்தம் வந்ததும் ஏறக்குறைய 4,700 இத்தாலியரைத் தடுப்பு முகாம்களில் அடைத்தார்கள். குயின்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டக்காரர் பலரைத் தென் அவுஸ்திரேலியாவில் லவ்டே முகாமுக்குக் கொண்டுபோனார்கள். தகப்பன் முள்வேலிக்குள், மகன் அவுஸ்திரேலிய இராணுவச் சீருடையில் என்று இருந்த குடும்பங்களும் உண்டு. தோட்டத்தைப் பெண்கள் கொண்டு நடத்தினார்கள். அப்படி அவமானப்பட்டவர்களுக்குத்தான் நீ சொல்கிற மாதிரி ஒதுங்கி, மணத்தைக் குறைத்து, பேரை மாற்றி வாழ எல்லாக் காரணமும் இருந்தது. பேரை மாற்றிக்கொண்டவர்களும் இருந்தார்கள். குசினியை மாற்றியவர்களை நான் அதிகம் காணவில்லை.

மொழி விஷயத்தில் மட்டும் அவர்களைப் பார்த்துப் படிக்காதே. எங்கள் தொழிற்சாலையில் தெற்கிலிருந்து வந்த கலாப்ரியாக்காரியும் வடக்கிலிருந்து வந்த வெனெட்டோக்காரியும் தங்கள் ஊர்ப் பேச்சில் கதைத்தால் ஒருத்திக்கு மற்றவளுடையது விளங்காது. உடைந்த இங்கிலிஷில்தான் சண்டை பிடிப்பார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சு போகவில்லை. 2021 குடிசனக் கணக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் பூர்வீகம் இத்தாலி என்று எழுதினார்கள். வீட்டில் இத்தாலியன் பேசுகிறோம் என்றவர்கள் ஏறக்குறைய 2 லட்சத்து 28 ஆயிரம். பள்ளிக்கூடங்களில் வேறு யார் யாருடைய பிள்ளைகளோ அதைப் பாடமாகப் படிக்கிறார்கள். ஆனாலும் ஒரு கடன் எங்களுக்கு அவர்களிடம் இருக்கிறது. நீ பிறந்தபோது வைத்தியசாலையில் தொலைபேசி வழியாக ஒரு தமிழ்க் குரல் எனக்கு மொழிபெயர்த்தது. அந்தத் தொலைபேசிச் சேவை 1973இல் தொடங்கியது, எங்களுக்காக இல்லை, எங்களுக்கு முன் வந்து நின்ற இத்தாலியரையும் கிரேக்கரையும் போன்றவர்களுக்காக. அப்பா கேட்கிற தமிழ் வானொலி வருகிற அந்தப் பன்மொழி நிலையமும் 1975இல் தொடங்கியபோது முதல் மொழிகளில் அவர்களுடையது இருந்தது. திறந்த கதவால் நாங்களும் உள்ளே போனோம்.

எல்லாம் அப்படியே இருந்தது என்றும் நான் சொல்லவில்லை. மதுக்கடைகளில் கோழி பார்மா என்று ஒன்று விற்கிறார்களே, பொரித்த கோழி மேல் தக்காளிச் சாறும் சீஸும், பக்கத்தில் உருளைக்கிழங்குப் பொரியல். கலாப்ரியா மனுசியிடம் காட்டினால் சிலுவை போட்டுக்கொள்வா. லைகன் தெருவில் இப்போது வாசலில் ஆள் நிறுத்தி, "உள்ளே வாருங்கள், உள்ளே வாருங்கள்" என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுகிறார்கள். அந்தக் குடும்பங்கள் எப்போதோ தள்ளிப் பெரிய வீடுகளுக்குப் போய்விட்டன. எனக்கு அதில் கவலை இல்லை. ஊர் முழுக்கப் பரவிய பிறகு தெரு எப்படிப் போனால் என்ன? ஸ்டார்பக்ஸ் 2000இல் இந்த நாட்டுக்கு வந்தது. 2008இல் 84 கடைகளில் 61ஐ மூடிவிட்டது. மூலைக்கு மூலை ஒருவன் நல்ல கோப்பி போடுகிற ஊரில் அவர்கள் சீனித் தண்ணீருக்கு என்ன வேலை? 2018 நவம்பரில் பெர்க் தெருவில் நடந்த கத்திக்குத்தில் பெலக்ரினி கடையின் சிஸ்டோ மலாஸ்பினா இறந்தபோது அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். கோப்பிக் கடைக்காரருக்கு அரசு மரியாதை. கடை வாசலை ஊர்ச்சனம் பூவால் நிரப்பியதை நீயும் தொலைக்காட்சியில் பார்த்தாய்.

ஆகவே மெனுவைத் திரும்ப எழுது. நான் சொல்வதைக் கேட்காவிட்டாலும் இந்தக் கேள்விக்குப் பதில் எழுது: செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பது மணிக்கு உன் கடையில் யார் இருப்பார்கள்? சனிக்கிழமை வருகிறவர்களைப் பற்றி மட்டும் கணக்குப் போட்டிருக்கிறாய். இரவு வேலை முடிந்து வருகிற நேர்சுகள், ஊபர் ஓட்டுகிற எங்கள் பொடியன்கள், வாரத்துக்கு ஒரு நாளாவது வீட்டுச் சோறு தேடுகிற மாணவர்கள். அந்த இத்தாலியப் பொடியன்கள் மாதிரி போய் உட்கார இடமில்லாதவர்கள் இவர்கள்தான். இவர்களுக்கு ஒரு சோறு, இரண்டு கறி, சொதி, சம்பல் என்று ஒரு தட்டு போடு. பிந்திப் பூட்டு. வெள்ளிக்கிழமை கூழ் வை. பட்டர் சிக்கனை முழுதாக எடு என்று நான் சொல்லமாட்டேன், வாடகை கட்ட வேண்டும்தானே. ஆனால் அதை மூலையில் போடு, கொத்தை மேலே கொண்டுவா.

மருந்தக வேலையை உடனே விடாதே. கிழமைக்கு இரண்டு நாளாவது வைத்துக்கொள். மருமகனிடம் இதைப்பற்றி நான் கதைக்கவில்லை, நீயே சொல். வாடகை ஒப்பந்தத்தில் வருடாவருடம் எவ்வளவு ஏற்றலாம் என்று எழுதியிருக்கிற பக்கத்தைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பு. அவர் பார்க்காமல் கையெழுத்து வைக்காதே. புகைபோக்கிக்கு நகரசபை அனுமதி இருக்கிறதா என்றும் கேட்கச் சொன்னார். மிளகாய்த்தூள் நான் இங்கே வறுத்து அரைத்து அனுப்புகிறேன், முதல் மூன்று மாதத்துக்கு. அதற்குப் பிறகு நீ அங்கே ஒரு மில் பார்த்துக்கொள்ள வேண்டும், தபால் செலவு கட்டுப்படியாகாது.

அன்புடன்
அம்மா